மு.செ. என்று பேர் வெட்டிய ப்ராசஸர்

கதிர், போன ஞாயிற்றுக்கிழமை நீ நம் வீட்டு வாட்ஸப் குரூப்பில் அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். முதல் படத்தில் உன் பழைய டெஸ்க்டாப். பக்கத்து மூடியைக் கழற்றி வைத்திருக்கிறாய், அதன் மேல் உன் பூனை ஏறிப் படுத்திருக்கிறது. ‘ரொம்ப மெதுவா ஓடுதுப்பா, இதுல வேற ப்ராசஸர் மாத்தலாமா’ என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவது படத்தில் உன் சாவிக்கொத்து. அதில் தொங்கும் சின்னச் சதுரத் தகடு நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து உன்னிடம் இருப்பது. ‘இதுவும் ப்ராசஸர்தானே? மேல மு.செ.ன்னு தமிழ்ல போட்டிருக்கே, எந்தக் கம்பெனி? நெட்டுல தேடினா கிடைக்கல’ என்று அதற்குக் கீழே.

நான் பதில் யோசிப்பதற்குள் வள்ளி பதில் போட்டுவிட்டாள், அது அப்பாவே கண்டுபிடித்தது என்று. ஆறாம் வகுப்பில் அவள் இதையேதான் அறிவியல் டீச்சரிடமும் சொல்லி, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் சிரித்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டேன். சும்மா இருந்தால் கிடைக்கிற மரியாதையை வேண்டாம் என்று சொல்ல அந்த வயதில் எனக்கு மனம் வரவில்லை.

உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதை போனில் அடிக்க விரலுக்குப் பொறுமை இல்லை. உங்கள் அம்மா மளிகைச் சாமான் எழுதும் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் படியுங்கள்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. பிறகு மிக்ஸி காயில் சுற்றினேன், டிவி ரிப்பேர் பார்த்தேன், திருநெல்வேலியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்தேன். அந்த ஆறு மாதத்தில் நாங்கள் திறந்து மூடியது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது முதலிலேயே கெட்டுப்போனது என்பதால், நாங்கள் சேர்த்தது சரியா தப்பா என்று வாத்தியாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் முதல் வகுப்பு என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு ராஜபாளையம் ரோட்டில் அண்ணாச்சி கடையில் சேர்ந்தேன். இருபத்து மூன்று வருஷம். ஒரு ஊசி இரண்டாகத் தெரிய ஆரம்பித்த பிறகு நானே நின்றுகொண்டேன்.

அண்ணாச்சி கம்ப்யூட்டருக்கு முன்னால் பாத்திரக்கடை வைத்திருந்தவர். எவர்சில்வர் குடம் விற்ற இடத்தில் கம்ப்யூட்டர் விற்கலாம் என்று யாரோ சொல்ல, கடை போர்டை மாற்றினார். மற்றபடி வியாபாரத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. புது கேபினெட் வந்து இறங்கினால் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பார். சத்தம் பிடித்திருந்தால் ‘நல்ல கனம்’ என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. ரிப்பேருக்கு வரும் கம்ப்யூட்டரையும் அப்படித்தான் தட்டுவார். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ‘நம்ம ஆளு இருக்கான், பாத்துருவோம்’ என்பார். நம்ம ஆள் என்றால் நான்.

நான் வேலை செய்யும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நிற்பார். வாயில் எப்போதும் எலுமிச்சை மிட்டாய். அது பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் வரும். நான் எங்கேயாவது திணறினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அதைவிடப் பெரிய நெருக்கடி எனக்கு எந்த முதலாளியும் கொடுத்திருக்க முடியாது.

பாத்திரக்கடையிலிருந்து அவர் கூடவே கொண்டுவந்த சொத்து ஒன்று உண்டு, பேர் வெட்டுகிற மிஷின். நம் வீட்டு அண்டாவில், செம்பில், உங்கள் ஆச்சி பேர் புள்ளி புள்ளியாக இருக்கிறதல்லவா, அதை வெட்டுகிற மிஷின்தான். பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டால் நுனி டிர்ரென்று குத்திக்கொண்டே போகும். கம்ப்யூட்டர் கடையில் அதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரில் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, ரிப்பேர்காரன் நல்ல சாமானை உருவிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுவான் என்று. கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிவிடக் கூடாதென்று பேர் வெட்டுவார்களே, அதே மருந்தை அண்ணாச்சி இதற்கும் கொடுத்தார். எங்கள் கடைக்கு வரும் கீபோர்டு, மவுஸ், மெமரி, டிஸ்க் எல்லாவற்றிலும் சொந்தக்காரர் பேரின் முதல் எழுத்துகள் ஏறிவிடும். சனங்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ‘பேரு வெட்டித் தாற கடை’ என்றுதான் கரிவலம்வந்தநல்லூர் வரை எங்களுக்குப் பெயர்.

கரிவலம்வந்தநல்லூர் என்றதும் அந்த ஊர் ஜோசியர் ஞாபகம் வருகிறது. அவருக்குச் செய்ததுதான் நான் தனியாகச் செய்த முதல் ப்ராசஸர் மாற்றம். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் அவருடைய கம்ப்யூட்டர் ஒரு பொருத்தத்துக்கு நாலு நிமிஷம் எடுத்தது. நான் மாற்றிக் கொடுத்ததும் மூன்று எண்ணுவதற்குள் பத்துப் பொருத்தமும் திரையில் வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு வாரத்தில் ஜோசியர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். முன்னெல்லாம் அந்த நாலு நிமிஷமும் பெண் வீட்டார் கைகூப்பி உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது பட்டனைத் தட்டியதும் வந்துவிடுவதால், சரியாகத்தான் பார்த்தீர்களா என்று கேட்கிறார்களாம். பழையதையே மாட்டித் தரச் சொன்னார். மாட்டிக் கொடுத்தேன். வேகம் எல்லாருக்கும் வேண்டியது இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ப்ராசஸர் மாற்றுவது எப்படி என்று நீ கேட்டதால் அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். முதலில் உள்ளே இருக்கும் மதர்போர்டின் நம்பரைப் படித்து, அது எந்தெந்த ப்ராசஸரை ஏற்கும் என்று பார்க்க வேண்டும். வேகமானது என்பதற்காக எதையும் வாங்கிவிடக் கூடாது. உட்காரும் இடம் ஒத்துப்போனாலும் போர்டு அதைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். அப்புறம் பழையதைக் கழற்றுவதற்கு முன் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். ஏனென்றால் ப்ராசஸருக்கும் அதன் மேல் இருக்கும் அலுமினியக் கட்டிக்கும் நடுவில் ஒரு பசை இருக்கும், சூட்டைக் கடத்துவதற்கு. குளிர்ந்த நிலையில் அது சிமெண்ட். இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். சூடாக்கி, கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க ஜன்னல் கம்பியை ஒரு முறை தொட்டுவிட்டு, கட்டியை லேசாக இடமும் வலமும் திருகினால் தானாக விடும். பக்கத்தில் இருக்கும் கம்பி நெம்புகோலைத் தூக்கினால் ப்ராசஸர் கையோடு வந்துவிடும். புதியதன் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும். அந்த மூலையைப் போர்டில் இருக்கும் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தன் கனத்தில் தானே இறங்கும். அழுத்தவே கூடாது. அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ தப்பு. பசை ஒரு கொத்தமல்லி விதை அளவு போதும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இந்தப் பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டிய ஒன்று இல்லை. அதைச் செண்பகம் அக்காவிடம் கற்றுக்கொண்டேன்.

செண்பகம் அக்கா வீட்டில் விசைத்தறி. அவர் வீட்டுக்காரர் முருகையா அண்ணன் தறியைப் பார்த்துக்கொள்வார், அக்கா டிசைன் போடுவார். சேலைப் பார்டரில் வரும் கொடி, மயில், மாங்காய் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகளாக அடித்து எடுப்பார். அந்த அட்டைகளைக் கோத்துத் தறியின் மேல் தொங்கவிட்டால், எந்த நூல் தூக்க வேண்டும் என்று ஓட்டை சொல்லும். அக்காவுக்குக் கண்ணில் எப்போதும் புள்ளிக் கணக்குத்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் சட்டைக் கட்டத்தை எண்ணிவிடுவார்.

அட்டை அடிக்கும் மிஷின் அந்தப் பழைய கம்ப்யூட்டரோடுதான் பேசும். அதற்கென்று உள்ளே ஒரு கார்டு. அந்த மாதிரி கார்டு மாட்டும் இடம் புதுப் போர்டு எதிலும் கிடையாது. டிசைன் போடும் சாஃப்ட்வேருக்குப் பூட்டுச் சாவி மாதிரி ஒன்று பின்னால் சொருகியிருக்கும். அதை விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆகவே அந்தக் கம்ப்யூட்டர் செத்தால் அக்காவின் அத்தனை டிசைனும் அதோடு சாகும்.

ஒரு திங்கட்கிழமை அண்ணனும் அக்காவும் ஆட்டோவில் அதை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடையநல்லூர் ஜவுளிக்காரர் ஒருவர் புதுப் பார்டர் கேட்டிருந்தார். சனிக்கிழமை காலை நேரில் வருவார், தறியில் பார்டர் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர். இல்லாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். அவர்களுடைய ஆறு தறியும் அதை நம்பி நின்றுகொண்டிருந்தன. கம்ப்யூட்டரோ நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டிருந்தது.

“தம்பி, ஒரு கொடியத் தொறக்கச் சொல்லிட்டு, உலை வச்சு, சோறு வடிச்சிட்டு வாரேன். அது இன்னும் யோசிச்சிட்டே இருக்கு,” என்றார் அக்கா.

அண்ணாச்சி கேபினெட்டை இரண்டு தட்டுத் தட்டினார்.

“மூளை பழசாயிட்டு. மாத்திருவோம்.”

நானும் திறந்து பார்த்தேன். ப்ராசஸரின் அலுமினியக் கட்டிக்கு மேல் இருக்கும் விசிறி சுற்றியது. மேலே ஒரு தூசி இல்லை, அக்கா தினமும் துணி வைத்துத் துடைப்பவர். போர்டு நம்பரைப் படித்தேன், மெமரியைப் பார்த்தேன், எல்லாம் பார்த்துவிட்டு நானும் தலையாட்டினேன். அந்தப் போர்டு ஏற்கும் வேகமான ப்ராசஸர் மதுரையில் இல்லை. போன் போட்டுப் போட்டுச் சென்னையில் ஒருவரிடம் ஒன்றே ஒன்று அகப்பட்டது. வியாழக்கிழமை காலை பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது.

அதை வாங்க இரண்டு பேரும் கடையில் காத்திருந்தார்கள். அக்காவுக்கு ஒரு கவலை. முன்பு வேறு ஊரில் ஒருவரிடம் கொடுத்து மெமரி காணாமல் போனதாம். அதனால் புது மூளையிலும் பேர் வெட்டித் தரச் சொன்னார். நான் டீ வாங்கப் போயிருந்தேன். இதைத் தப்பித்துக்கொள்ளச் சொல்லவில்லை, இருந்திருந்தாலும் தடுத்திருப்பேன் என்று நிச்சயம் இல்லை. மெமரியில் வெட்டினோம், டிஸ்க்கில் வெட்டினோம், ஒன்றும் ஆகவில்லையே.

நான் டீயோடு திரும்பி வரும்போது டிர்ரென்ற சத்தம் கேட்டது. அண்ணாச்சி ப்ராசஸரை மேஜைப் பலகையில் வைத்து, இடது கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்க, ‘செ’யின் கொம்பைச் சுழித்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பக்கம் நானூற்றுச் சொச்சம் ஊசிகள், ஒவ்வொன்றும் தலைமுடி கனம், அந்தப் பலகையின் மேல்.

எழுத்து ரொம்ப அழகாக வந்திருந்தது. மு.செ.

அவர்களை அனுப்பிவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் பதினோரு ஊசிகள் படுத்திருந்தன. மாடு மிதித்த நாற்று மாதிரி. மிட்டாய்ச் சத்தம் நின்றது.

“என்ன வே?”

“வளைஞ்சிட்டு அண்ணாச்சி.”

“நிமித்த முடியாதா?”

“பாக்கேன்.”

“பாத்திரத்துல வெட்டும்போது வளையாதே,” என்றார். அது என் மேல் சொன்ன குற்றமா, ப்ராசஸர் மேலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

லெட் போட்டு எழுதும் பென்சில் இருக்கிறதல்லவா, அதில் லெட்டை எடுத்துவிட்டால் நுனிக்குழாய் ஓர் ஊசி நுழையும் அளவுதான் இருக்கும். கடை மேஜையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். குழாயை ஊசியில் மாட்டி, மூச்சை அடக்கி, முடியளவு நிமிர்த்தி, விட்டு, மறுபடி முடியளவு. ஒரே தடவையில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். ஒவ்வொன்று முடிந்ததும் வரிசைக்கு நடுவில் ஒரு விசிட்டிங் கார்டின் விளிம்பை ஓட்டிப் பார்ப்பேன். தட்டாமல் போனால் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பத்து ஊசிகள் நிமிர மத்தியானம் ஆனது. பதினோராவது, குழாயை எடுக்கும்போது குழாயோடு வந்துவிட்டது.

சில ஊசிகளுக்கு மாற்று ஊசி இருக்கும், ஒன்று போனாலும் ஓடும். அந்த நம்பிக்கையில் மாட்டப் போனேன். பழையதைக் கழற்றுவதற்காக விசிறியை எடுத்தபோது, விசிறிக்கும் அலுமினியக் கட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை இருந்தது. பஞ்சு. தறியிலிருந்து பறக்கிற பஞ்சு வருஷக்கணக்கில் விசிறி வழியாக இறங்கி, அலுமினிய இதழ்களுக்குள் மெத்தை மாதிரி திணிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் விசிறிதான் தெரியும், அது சுத்தமாகச் சுற்றும். அக்கா துடைத்ததும் அதைத்தான், நான் பார்த்ததும் அதைத்தான். பஞ்சைப் பிரஷ்ஷால் எடுத்து, ஊதி, கட்டியைப் பளபளவென்று ஆக்கினேன். அதைப் பற்றி அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. அழுக்கு இருந்தது, எடுத்தேன், அவ்வளவுதான்.

புதியது ஓடியது. ஆறு நிமிஷம் ஓடி நின்றது. மறுபடி போட்டேன், ஐந்து நிமிஷம். ஒடிந்த ஊசிக்கு மாற்று இல்லை போலிருக்கிறது. கடை மூடும்வரை போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேறு வழி இல்லாமல் பழையதையே திரும்ப மாட்டினேன். மந்தமாகவாவது ஓடட்டும், அட்டை அடிக்கட்டும், வேறு ப்ராசஸர் தேடலாம் என்று நினைப்பு. பட்டனை அமுக்கி, அக்காவின் கொடியைத் திறந்தேன். திறந்துவிட்டது. மூடித் திறந்தேன். சோறு வடிக்க வேண்டாம், உலையில் அரிசி போடக்கூட நேரம் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூடு தாங்காவிட்டால் ப்ராசஸர் கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்தரி வெயிலில் நடக்கிறவன் நடையைக் குறைப்பது மாதிரி. அந்தப் பழைய மூளைக்கு ஒரு குறையும் இல்லை. பஞ்சு மெத்தையைப் போர்த்திக்கொண்டு இத்தனை நாள் வேலை செய்திருக்கிறது. நாங்கள் அதை மாற்றப் பார்த்தோம்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். புது ப்ராசஸர் போட்டதாக முருகையா அண்ணன் நேற்றே பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிவிட்டிருந்தார். அக்கா பேரைப் பார்க்காமல் மிஷினை வாங்க மாட்டார்.

“அத எடும் வே,” என்றார் அண்ணாச்சி.

“எத அண்ணாச்சி?”

“பழச.”

டிர்ரென்ற சத்தம் மறுபடி. இந்த முறை தெர்மாகோலில் சொருகி வைத்து வெட்டினார். ஒரு நாளிலேயே கற்றுக்கொள்கிற மனுஷன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். சாமானை யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே கண்டுபிடித்த பேர், சாமான் மாறியதை மறைக்கப் போகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் இதைக் கொண்டு போக மாட்டேன் என்று சொன்னேன். பிறகு கொண்டு போனேன். சனிக்கிழமை மறுநாள்.

அக்கா வீட்டில் மாட்டி முடித்ததும், நினைத்தபடியே, “பேர ஒருக்கா காட்டுங்க தம்பி,” என்றார். விசிறியையும் கட்டியையும் கழற்றி, பசையைத் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்துக் கொட்டகையில் நின்றுபோன ஆறு தறிகள். ஒரு சத்தமும் இல்லை.

“அண்ணாச்சி கைதான்,” என்றார். “ஆனா இது அன்னைக்கு வெட்டுனது இல்லயே.”

நான் டார்ச்சை அணைத்தேன்.

“அதுல கொம்புக்குப் பன்னெண்டு புள்ளி. இதுல பதினாலு இருக்கு.”

சொல்லிவிட்டேன். பலகை, கட்டைவிரல், பதினோரு ஊசி, பஞ்சு, ஒன்றையும் விடாமல். அக்கா கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் மக்கா உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

அக்கா கேட்டது ஒன்றுதான். “அப்ப இப்பம் வேகமா ஓடுதது பழசுதானா?”

“ஆமாக்கா.”

“பஞ்சுதான் கோளாறா?”

“ஆமாக்கா. நான் மொதல்லயே விசிறியக் கழட்டிப் பாத்துருக்கணும்.”

கோபப்படுவார் என்று நின்றேன். அவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இத அவுககிட்டச் சொல்லிராதீங்க. எங்க வீட்டு மிஷினுக்குப் புது மூளை வச்சாச்சுன்னு ஊர் பூராச் சொல்லிட்டு வந்துருக்காக. மூளை பழசுதான், பஞ்சத் தட்டுனோம்னா என்னத்துக்கு ஆகும்? மூடுங்க. அட்டை அடிக்கணும்.”

மூடினேன். அன்று சாயங்காலத்துக்குள் அட்டை அடித்து முடித்தார்கள். மறுநாள் காலை கடையநல்லூர்க்காரர் வந்தபோது பார்டர் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டர் கிடைத்தது. முருகையா அண்ணன் அவரைக் கம்ப்யூட்டர் பக்கம் அழைத்துப்போய், புது மூளை எப்படி வேகமாக வேலை செய்கிறது என்று விளக்கியதாகவும், அவர் வியந்து பார்த்ததாகவும் அக்கா பிறகு சொன்னார். புது ப்ராசஸருக்கு வாங்கிய பணத்தை அண்ணாச்சி அக்கா கையில் திருப்பிக் கொடுத்தார். அது அண்ணனுக்குத் தெரியுமா என்று நான் விசாரிக்கவில்லை.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. அண்ணன் பேசியதில் வாசுதேவநல்லூர், ராயகிரி என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முருகையாவுக்குப் போட்ட மாதிரிப் பேர் வெட்டிய மூளை எங்களுக்கும் வேண்டும் என்று. முடியாது என்று அண்ணாச்சி எப்படிச் சொல்வார்? கடைசியில் நான் ஒரு தேக்குக் கட்டையை நடுவில் குழியாகக் குடைந்து, ஊசிகள் அந்தரத்தில் தொங்குமாறு செய்து கொடுத்தேன். அதன் மேல் வைத்து வெட்டினால் ஒன்றும் வளையாது. வெட்டிய எழுத்து விசிறிக்குக் கீழே, பசைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். வள்ளி, நான் என் வாழ்க்கையில் கண்டுபிடித்தது அந்தக் கட்டை ஒன்றுதான். டீச்சரிடம் அதைச் சொல்லியிருக்கலாம்.

செண்பகம் அக்கா பிறகும் வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முன்னால், என்னைக் கூப்பிட்டுவிடுவார். அண்ணனுக்கு முன்னால் ‘தம்பி, பேரு இருக்கான்னு பாருங்க’ என்பார். நான் விசிறியைக் கழற்றிப் பஞ்சை எடுப்பேன். இருக்கிறது என்பேன். பழைய மூளை அதற்குப் பிறகும் எத்தனையோ சேலைக்கு அட்டை அடித்தது.

ஊசி ஒடிந்ததை அண்ணாச்சி குப்பையில் போடச் சொன்னார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்களைக் குத்தாமல் இருக்க மீதி ஊசிகளையும் அரத்தால் ராவி, மூலையில் ஓட்டை போட்டேன். கதிர், உன் சாவிக்கொத்தில் தொங்குவது அதுதான். கம்பெனி இல்லை. முருகையா வீட்டுச் செண்பகம். டார்ச் அடித்துக் கொம்பை எண்ணிப் பார், பன்னிரண்டு இருக்கும்.

இனி உன் முதல் கேள்வி. உன் டெஸ்க்டாப்புக்கு வேறு ப்ராசஸர் வாங்கலாமா என்று கேட்டாய். வாங்கலாம், போர்டு நம்பரை எழுதி அனுப்பு, எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் விசிறியைக் கழற்று. உன் வீட்டில் தறி இல்லை என்று எனக்குத் தெரியும். பூனை இருக்கிறது. கழற்றியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு.